கழுத்துக்கு மேலே

என்னுடைய போட்டோ ஒன்று இருக்கிறது. தலையில்லாத புத்தர் சிலைக்குப் பின்னால் மண்டியிட்டு, அறுபட்ட கழுத்தின்மேல் என் முகவாயைப் பொருத்தி, கண்ணை மூடித் தியானத்தில் இருப்பதுபோல. மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. அப்போது எனக்கு 46 வயது. ஏதோ சின்னப் பையன் செய்துவிட்டான் என்று தள்ளிவிட முடியாத வயது.

2019 ஜனவரியில் நானும் மனைவியும் பாங்காக் போயிருந்தோம். இரண்டு நாள் கடைத்தெருவில் கரைந்தது. மூன்றாம் நாளுக்கு ஒரு நாள் சுற்றுலா பதிவு செய்திருந்தோம். காலை ஏழு மணிக்கு ஓட்டல் வாசலில் வேன், கூடவே கைடு, மதியச் சாப்பாடு, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ஒன்பது பேர். கைடு ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கையில் மஞ்சள் குடை. கூட்டத்தில் அந்தக் குடையைப் பார்த்து நடக்க வேண்டும் என்பதுதான் அவர் போட்ட முதல் விதி.

வேன் வடக்கே எண்பது கிலோமீட்டர் போவதற்குள் அவர் நிறையச் சொன்னார். நான் கைப்பேசியில் இருந்தேன். ஒரே ஒரு சொல்தான் காதில் விழுந்தது: அயுத்தயா. நம் அயோத்தியின் பெயரை வைத்த ஊர். 1350இல் அதை நிறுவிய அரசரின் பட்டப்பெயர் இராமாதிபதி. அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு பெரிய மனுஷன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "எல்லாம் நம்மகிட்ட இருந்து வந்ததுதான்" என்று மனைவிக்கு விளக்க ஆரம்பித்தேன். தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்கள் மார்கழி திருவெம்பாவையைத் தங்கள் சடங்கில் பாடுகிறார்கள் என்று எங்கோ படித்திருந்ததையும் எடுத்துவிட்டேன். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை நான் பயன்படுத்திய விதம், கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரன் பந்தியில் முதல் இலைக்கு உரிமை கொண்டாடுவது மாதிரி இருந்தது.

சாவோ பிரயா, லோப்புரி, பா சாக் என்று மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு அந்தப் பழைய நகரம். 417 ஆண்டுகள் தலைநகராக இருந்தது. பதினான்கு மாத முற்றுகைக்குப் பிறகு 1767 ஏப்ரலில் பர்மியப் படை உள்ளே புகுந்து எரித்தது. முதலில் நாங்கள் போனது அரண்மனை வளாகத்துக்கு. அரண்மனை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. மரத்தில் கட்டியதெல்லாம் தீயில் போய்விட, புல்லுக்கு நடுவே செங்கல் அடித்தளங்கள் மட்டும். நின்ற சுவர்களின் செங்கல்லையும் பிற்பாடு படகில் ஏற்றி, புதுத் தலைநகரான பாங்காக்கைக் கட்டக் கொண்டுபோனார்களாம். அரண்மனைக் கோயிலான வாட் ப்ரா சி சன்பேட்டில் மூன்று தூபிகள் மட்டும் வரிசையாக, மணியைக் கவிழ்த்தது போல. மூன்று அரசர்களின் அஸ்தி உள்ள தூபிகள். பதினாறு மீட்டர் உயரத்தில் பொன் போர்த்திய புத்தர் ஒருவர் அங்கே நின்றிருந்தார். பொன்னைப் பர்மியர்கள் உருக்கி எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய உடலைப் பின்னாளில் முதலாம் ராமா மன்னர் பாங்காக்கின் வாட் போவில் ஒரு தூபிக்குள் வைத்து மூடினார்.

இதைச் சொல்லும்போது கைடின் குரல் தணிந்தது. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய விஷயத்துக்கு இவர் ஏன் துக்க வீட்டில் பேசுவதுபோலப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்தது வாட் மகாதாட். சுவரோரமாக வரிசையாகப் புத்தர்கள். மடியில் ஒரு கை, முழங்காலில் ஒரு கை. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. ஒரு சிலையின் உயரம் சரியாக வாய்த்தது. மனைவி கையில் போனைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட்டேன். இரண்டு படம் எடுத்ததும், "எந்திரிங்க, அந்தம்மா பாக்குறாங்க" என்றாள்.

மஞ்சள் குடை மடங்கியிருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் கிட்டே வந்து, "சார், எழுந்து வாருங்கள். வேறு போட்டோ நான் எடுத்துத் தருகிறேன்" என்றார். சொன்னபடியே எடுத்தும் தந்தார். எங்கள் இருவரையும் தூரத்துக் கோபுரம் தெரிய நிற்கவைத்து, வெயில் முகத்தில் விழாமல் குடையைத் தானே பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால். அந்தப் படத்தில் என் முகம் வெளிறியிருக்கும்.

அசடு வழிவதை மறைக்கக் கேள்வி கேட்டேன். இந்தத் தலையெல்லாம் பர்மாக்காரர்கள் வெட்டியதா? தீ வைத்தது அவர்கள் என்றார். ஆனால் அவர்கள் போன பிறகும் தலைகள் போய்க்கொண்டுதான் இருந்தன. முழுச் சிலையைத் தூக்கிப் போக முடியாது, தலை என்றால் ஒரு கோணிப்பையில் அடங்கிவிடும். பழம்பொருள் வாங்க வெளியூரிலிருந்து ஆள் வருவார்கள். எதிரே இருக்கும் வாட் ராட்சபுரணாவைக் குடையால் காட்டினார். யானைமேலிருந்து அரியணைக்காகச் சண்டையிட்டு ஒருவரையொருவர் கொன்றுகொண்ட இரண்டு அண்ணன்மாருக்காக, பட்டத்துக்கு வந்த தம்பி 1424இல் கட்டியது. 1957இல் அதன் நிலவறையைத் தோண்டிப் பொன்னை அள்ளியவர்கள் பர்மியர்கள் இல்லை, திருடர்கள். மீட்டது போக மீதி போனது போனதுதான்.

மனைவி என் காதோரம் கேட்டாள்: "அப்ப நேத்து நாம வாங்கினது?"

முந்தின நாள் சந்தையில் ஷோகேசுக்காக ஒரு புத்தர் தலை வாங்கியிருந்தோம். புதுசு, பிசினில் வார்த்தது. தலை மட்டும். பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கினேன் என்று பெருமை வேறு. ஒரு தெய்வத்தின் தலையை மட்டும் ஏன் வாங்குகிறோம் என்று கடையில் எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு எல்லோரும் பார்க்கத் துடிக்கும் அந்த அரசமரத்துக்குப் போனோம். வேர்கள் பின்னிப் பிடித்திருக்கும் கல் முகம். கீழே விழுந்த தலையைச் சுற்றி மரம் வளர்ந்தது என்கிறார்கள், திருடன் ஒளித்துவைத்துவிட்டு வராமல் போனான் என்றும் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்று படம் எடுக்கக்கூடாது. நம் தலை அந்த முகத்துக்கு மேலே இருக்கக்கூடாது, குந்தித்தான் உட்கார வேண்டும். காவலர் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ளவே இருக்கிறார். என் முழங்கால் மடங்காது. உட்கார்ந்தேன். எழுந்திருக்கக் கை கொடுத்ததும் அந்தக் கைடுதான்.

அந்தப் பிசின் தலையை ஓட்டல் அறை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தோம். அனுமதி இல்லாமல் புத்தர் உருவத்தை நாட்டை விட்டுக் கொண்டுபோகக்கூடாது என்று வேனில் அவர் சொல்லியிருந்தார். அதை விட்டது மனசு உறுத்தியா, கஸ்டம்ஸ் பயத்திலா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். 2022இல் ஒரு நாள் பேப்பரில் எங்கள் ஊர்ப் பெயர். சேலத்துப் பெரியேரியில் இருக்கும் தலைவெட்டி முனியப்பன் புத்தர் சிலைதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொல்லியல் துறை போய்ப் பார்த்திருக்கிறது: அர்த்த பத்மாசனம், தியானக் கை, சுருள்முடி, நீண்ட காது. தலை துண்டாகி, பிறகு சிமெண்ட் வைத்துக் கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது. இனி அங்கே பூஜை கூடாது, இது புத்தர் என்று பலகை வைக்க வேண்டும் என்றும் உத்தரவு.

அந்த முனியப்பனை என் ஆயா கும்பிடும். எனக்கு ஏழெட்டு வயதில், சட்டையைத் தலைக்கு மேலே இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு, "தலைவெட்டி வந்துட்டான், தலைவெட்டி வந்துட்டான்" என்று தெருவில் ஓடியிருக்கிறேன். ஆயா முதுகில் ஒன்று வைத்தது. "சாமிக்குத் தல போன கதை உனக்கு வெளையாட்டா?" என்று கேட்டது. எந்தச் சாமி என்று ஆயாவுக்கும் தெரியாது. வாட் மகாதாட்டில் சிலைக்குப் பின்னால் மண்டியிட்டபோது அந்த அடி எனக்கு நினைவு வரவே இல்லை.

அயுத்தயாவிலிருந்து திரும்பும் வழியிலேயே போனிலிருந்து அந்தப் படத்தை அழித்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் எல்லோருக்குமாக நீக்கினேன். அதற்குள் சித்தப்பா அதை இறக்கி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வருஷமும் என் பிறந்த நாளன்று காலை ஆறு மணிக்கு, ரோஜாப்பூ பார்டர் போட்டு, அந்தப் படத்தைத்தான் வாழ்த்தாக அனுப்புகிறார். போன முறை எடுத்துவிடச் சொல்லி போன் பண்ணினேன்.

"ஏம்ப்பா? நல்லாத்தானே பொருந்தியிருக்கு?" என்றார்.