வீ ஹெவி: சின்னது, ஆனால் கனமானது



நம் புதுச்சேரியில் பீர் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் இரண்டே கேள்விதான் கேட்பார். "ஸ்ட்ராங்கா, லைட்டா?" "கூலிங் இருக்கா?" இரண்டுக்கும் பதில் கிடைத்தால் வியாபாரம் முடிந்தது. ருசி எப்படி என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஐஸ் போல இருக்கிற பீரில் நாக்கு மரத்துப் போய்விடும். ருசி தெரிந்தால்தானே கேட்பதற்கு?

இன்றைக்கு நான் எழுதப் போவது அதற்கு நேர் எதிரான ஒரு பீரைப் பற்றி. ஸ்காட்லாந்தின் 'ஸ்காட்ச் ஏல்'. விஸ்கி என்று நினைத்துவிடாதீர்கள். இது பார்லியில் காய்ச்சுகிற பீர்தான். கறுத்தது, கனத்தது, போதை கூடியது. மதுவைத் தொடாத நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம். இதில் மூக்குக்கும் நாக்குக்கும்தான் அதிக வேலை.

முதலில் பெயர். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் ஏலை ஷில்லிங் கணக்கில் சொல்வார்கள். ஒரு பீப்பாய் 60 ஷில்லிங், 70 ஷில்லிங், 80 ஷில்லிங் என்று விலை ஏற ஏற சரக்கின் கனமும் ஏறும். விலை மாறிய பிறகும் பெயர் நின்றுவிட்டது; '80 ஷில்லிங்' என்று கேட்டு வாங்குகிற வழக்கம் அங்கே பின்னாளிலும் இருந்தது. இந்த வரிசையின் உச்சியில் இருப்பதுதான் 'வீ ஹெவி'. 'வீ' என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் 'சின்ன'. 'ஹெவி' என்றால் கனமானது. பிரஸ்டன்பான்ஸ் என்ற கடலோர ஊரில் ஃபௌலர் என்ற காய்ச்சகம் இந்தச் சரக்கைச் சின்னஞ்சிறு பாட்டிலில் விற்றது. சரக்கு கனம் என்பதால் அளவு சின்னது. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது பாருங்கள்.

அடுத்தது மால்ட். இந்தச் சொல் நம் வயதுக்காரர்களுக்குப் புதிதல்ல. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்தால் ராகி மால்ட். ஹார்லிக்ஸிலும் மால்ட் செய்த பார்லிதான். பார்லி முளைக்கும்போது அதிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிற நொதிகள் உண்டாகின்றன. முளைத்ததை உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு இறங்கும். அதை ஹாப் என்ற கொடியின் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்தால் பீர். ஸ்காட்ச் ஏலுக்கு மால்ட் நிறைய வேண்டும். முதலில் இறங்குகிற கெட்டிச் சாற்றை நெடுநேரம் சுண்டக் காய்ச்சுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் ஒரு பெயரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை: லூயி கமிய் மையார். லொரேன் பகுதியில் போந்தாமூசோன் என்ற ஊரில் பிறந்தவர். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்தால் பழுப்பு நிறமும் புது வாசனையும் உண்டாவதை 1912இல் எழுதிவைத்தார். ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை, மால்ட் எல்லாவற்றிலும் நடப்பது அதுதான். நம் வீட்டு நெய் ரோஸ்ட்டின் முறுகலுக்கும் பெயர் வைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

2019 கோடையில் எடின்பரோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை காரில் தெற்கே அழைத்துப் போனார். இன்னர்லீதன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ட்ராக்வேர் மாளிகை. ஸ்காட்லாந்தில் விடாமல் மனிதர் குடியிருந்து வரும் வீடுகளில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். 1107இலிருந்து கணக்குச் சொல்கிறார்கள். 1566இல் மரி ஸ்டூவர்ட் இங்கே வந்து தங்கினாள். நம் பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் வந்த அதே மரி ஸ்டூவர்ட்தான். பிரான்ஸின் இரண்டாம் ஃப்ரான்சுவாவின் ராணியாக இருந்து, பதினெட்டு வயது நிறைவதற்குச் சற்று முன்பே விதவையாகி, பிறகு ஊர் திரும்பியவள். பன்னிரண்டு வயதில் மனப்பாடம் செய்த பெயரை அந்த வீட்டில் பார்த்ததும் உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது.

மாளிகையின் ஒரு பக்கத்தில் காய்ச்சகம். 18ஆம் நூற்றாண்டில் வீட்டுக்காகக் காய்ச்சிய இடம். அங்குள்ள செப்புக் கொப்பரை 1739இல் வைத்தது. பிறகு அது தட்டுமுட்டுச் சாமான்களுக்கு அடியில் மறந்துபோய்க் கிடந்தது. 20ஆவது லேர்ட், அதாவது அந்தப் பண்ணையின் எஜமானர், பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் அதைக் கண்டெடுத்து 1965இல் மறுபடியும் அடுப்பை மூட்டினார். இன்றும் அங்கே ஓக் மரத் தொட்டிகளில்தான் புளிக்கவைக்கிறார்கள். ஹவுஸ் ஏல் 7.2 சதவீதம், ஜேகபைட் ஏல் 8 சதவீதம். மாப்பிள்ளை ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டார்.

இங்கே என் வீட்டுக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் பதினோரு ஆண்டுகள் கலால் பிரிவில் எழுத்தர். சாராயக்கடை, கள்ளுக்கடை ஏலக் கணக்கும், மாதா மாதம் வரும் கிஸ்தி வரவும் என் பேரேட்டில் ஏறும். எனக்குச் சாராயம் என்றால் எண்கள். என் தம்பி பஞ்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தவன். ஷிப்டு முடிந்து அவன் போய் உட்காரும் கடையின் கிஸ்தியும் அதே பேரேட்டில், என் கையெழுத்தில்தான் வரவாகும். 1998இல் கல்லீரல் போய் இறந்தான். வயது நாற்பத்தாறு. காரியம் முடிந்த அன்று என் மனைவி சொன்னாள், "இனிமே இந்த வீட்டுப் படி ஏறி ஒரு பாட்டில் வரக்கூடாது." வரவில்லை. மகன் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை.

மாப்பிள்ளைக்கு இது தெரியாது. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஹவுஸ் ஏல் பாட்டிலை மேசைமேல் வைத்து, "மாமா, ஒரு வாய் பாருங்க" என்றார். மகள் அம்மாவைப் பார்த்தாள். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு என் மனைவிதான் கேட்டாள், "ஒண்ணுதானே?"

"ஒரே பாட்டில்தான் அத்தை. மூணு கிளாஸ்ல ஊத்துவோம்" என்றார் மாப்பிள்ளை.

"சரி, ஊத்துங்க."

எங்கள் தெருவில் அந்த நாளில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா ஒருவர் இருந்தார். ஜூலை 14 அன்று அவர் வீட்டில் ஒயின் திறப்பார்கள். பையன்களான எங்களுக்கு வரிசை மட்டும் சொல்லிக் கொடுப்பார்: லெய், லெ நே, லா பூஷ். கண், மூக்கு, வாய். முந்தக்கூடாது. அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பீர் நடுவர்கள் அமைப்பு ஒன்று இருக்கிறது; அதன் மதிப்பெண் தாளும் ஏறக்குறைய இதே போக்குதான். மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் இருக்கும் தன்மை 5, மொத்த எண்ணம் 10. ஆக 50. மாப்பிள்ளை அதைக் கைபேசியில் காட்ட, நான் நோட்டில் கட்டம் போட்டேன். "கட்டம் போட்டுக் குடிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் என் மனைவி.

தோற்றம்: விளக்குக்கு நேரே பிடித்தால் கருஞ்சிவப்பு, மேசையில் வைத்தால் கருங்காலி. நுரை குறைவு, பழுப்பு. 3க்கு 3.

மணம்: மால்ட், உலர்ந்த திராட்சை, ஈரமான மரப்பெட்டி. இவ்வளவுதான் என் மூக்குக்கு எட்டியது. அப்போது என் மனைவி, "இங்க குடுங்க" என்று கிளாஸை வாங்கினாள். குடிக்கவில்லை. மோந்து பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"இது சாராய வாடை இல்லீங்க. வெல்லப்பாகு அடி பிடிக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி இறக்குன வாசனை. அப்புறம் ஹார்லிக்ஸ் பாட்டில் தொறந்த மாதிரி."

மையார் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதையே நோட்டில் எழுதினேன். 12க்கு 10.

கிளாஸைத் திருப்பித் தரும்போது கேட்டாள், "தம்பி ஒரு நாளாவது மோந்து பாத்திருக்குமா?"

மாட்டான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் ஊற்றி, ஊறுகாயை நக்குவான். எல்லாரும் அப்படித்தான். அந்தச் சரக்கை மோந்து பார்த்தால் குடிக்க முடியாது.

சுவை: முதலில் இனிப்பு, ஆனால் சர்க்கரைத் தண்ணீர் இனிப்பு அல்ல, வறுத்த தானியத்தின் இனிப்பு. நடுவில் பேரீச்சை. முடிவில் மெல்லிய கசப்பு வந்து இனிப்பைத் துடைத்துவிடுகிறது. புகை வாசனை இல்லை. ஸ்காட்லாந்து என்றாலே கரிநிலப் புகை இருக்க வேண்டும் என்று சிலர் புகையூட்டிய மால்ட் போடுகிறார்கள். அது விஸ்கியோடு கலந்த குழப்பம். அதேபோல, ஸ்காட்லாந்துக்காரர்கள் ஹாப்பைக் கம்மியாகவே போடுவார்கள் என்றும் ஒரு பேச்சு. ரான் பாட்டின்சன் என்ற ஆய்வாளர் பழைய காய்ச்சகங்களின் பதிவேடுகளைப் புரட்டி, அதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார். பேரேட்டைப் பார்த்துப் பேசுகிறவர்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. 20க்கு 17.

வாயில் கனம்: கஞ்சிபோல் கெட்டி இல்லை, தண்ணீரும் இல்லை. விழுங்கிய பிறகு நெஞ்சில் சுக்குக் காப்பி போல ஒரு சூடு. 5க்கு 4. மொத்த எண்ணம் 10க்கு 8. ஆக 42. நடுவர்கள் கணக்கில் 38 முதல் 44 வரை 'மிகச் சிறப்பு' என்ற வகுப்பு.

மறுநாள் ஜேகபைட். இதில் மல்லி விதை போட்டிருக்கிறார்கள்! நமக்குச் சொல்லவா வேண்டும். கிளாஸ் முகத்துக்கு வருமுன்பே தெரிந்துவிட்டது. மகள் ரசப்பொடி என்று சிரித்தாள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மல்லி மால்ட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது. 38 போட்டேன்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஐஸ் கூடாது. 10 முதல் 13 டிகிரி போதும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். வாய் கொஞ்சம் குவிந்த சின்னக் கிளாஸ். பெல்ஜியத்தில் இதற்கென்றே ஸ்காட்லாந்தின் தேசியப் பூவான திஸில் வடிவத்தில் கிளாஸ் வைத்திருக்கிறார்கள். நமக்கு ஒயின் கிளாஸ் போதும். ஒரு கிளாஸுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சூடு ஏற ஏற மணம் மாறும்.

கலால் எழுத்தன் என்பதால் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 330 மில்லி பாட்டிலில் 7.2 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 24 மில்லி. நம் ஊர் 42.8 சதவீத விஸ்கியில் ஒரு லார்ஜ், 60 மில்லி எடுத்தால் 26 மில்லிக்குக் கொஞ்சம் கீழே. ஆக, "பீர்தானே" என்று இரண்டு பாட்டில் போனால் அது இரண்டு லார்ஜ். கட்டம் போட்டுக் குடித்தாலும் கல்லீரலுக்கு அதே 24 மில்லிதான். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. ருசி பார்க்கத் தெரிந்திருந்தால் என் தம்பி பிழைத்திருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்கு வந்தது நோய். அந்த நோய் உள்ளவர்களுக்குச் சின்ன பாட்டில், பெரிய பாட்டில் என்ற பேச்சே கிடையாது. ஒரு சொட்டும் ஆகாது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்தப் பதிவை அவருக்குக் காட்டாதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எங்கள் காலத்தில் அதை நோய் என்று சொல்லவே ஆளில்லை, குணக்கேடு என்றார்கள்.

புதுச்சேரி திரும்பிய பிறகும் எங்கள் வீட்டு விதி அப்படியேதான் இருக்கிறது. எடின்பரோவில் நடந்தது எடின்பரோவோடு சரி என்று என் மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள். எனக்கும் மறுப்பில்லை. நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது.

ட்ராக்வேரில் 1745இல் மூடிய ஒரு வாசல் இன்றுவரை திறக்கவில்லை. அதற்குக் கரடி வாசல் என்று பெயர். அந்தக் கதை அடுத்த பதிவில்.