"செருப்பு போட்டுக்கோ" என்று சொன்னவன் நான்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கிரைண்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் படித்தால் போதும். அதாவது, எல்லோரும்.

போன ஐப்பசியில் என் மனைவி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். "ஏனுங்க, கிரைண்டரைத் தொட்டா சுர்ருனு இருக்குதுங்க." நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "செருப்பு போட்டுக்கோ" என்றேன். போட்டுக்கொண்டார். சுர் நின்றுவிட்டது. விஷயம் முடிந்தது என்று இருவருமே நினைத்தோம். 31 வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் சொன்ன தீர்வு இது.

அன்று சனிக்கிழமை. வீடு கழுவி விட்டிருந்தது. செருப்பு வாசலில் கிடந்தது. மாவைத் தள்ளிவிட டிரம்மின் விளிம்பைப் பிடித்திருக்கிறார். எனக்குக் கேட்டது அலறல் அல்ல, தொண்டைக்குள் அடைத்துக்கொண்ட ஒரு முனகல். மார்புத் தசையும் இறுகிவிடுவதால் கத்தக்கூட முடியாது என்பது பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய் நான் செய்த முதல் காரியம், அவர் தோளைப் பிடித்து இழுத்தது. வகுப்பில் எத்தனை முறை "தொடாதே, முதலில் சுவிட்சை அணை" என்று சொல்லியிருப்பேன்! எனக்கும் அடித்துக் கை உதறிக்கொண்டது. அதன் பிறகுதான் சுவிட்ச் ஞாபகம் வந்தது. அணைத்ததும் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். விரல்களில் சிறு தீக்காயம் தவிர ஒன்றுமில்லை. அந்த இரவு பெஞ்சில் உட்கார்ந்து, அத்தனை வருடம் கரும்பலகையில் போட்ட ஓம் விதியை முதல்முறையாக என் வீட்டு ஆளுக்குப் போட்டுப் பார்த்தேன்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உலர்ந்த தோலின் மின்தடை ஒரு லட்சம் ஓம் வரைகூட இருக்கும். வகுத்தால் சுமார் 2 மில்லி ஆம்பியர். அதுதான் அந்தச் சுர். கை ஈரம், கால் ஈரம் என்றால் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். இப்போது வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். கையிலிருந்து காலுக்கு, மார்பு வழியாக, 100 மில்லி ஆம்பியர் ஓரிரு விநாடி பாய்ந்தாலே இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடலாம். 15 வாட் பல்பு ஒன்று இழுப்பது சுமார் 65 மில்லி ஆம்பியர் என்பதை வைத்துப் பாருங்கள்.

பிடித்தவர் ஏன் விடவில்லை என்று சிலர் கேட்டார்கள். விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலுவானவை. மின்சாரம் இரண்டையும் ஒன்றாக இறுக்கும்போது கை மூடிக்கொள்ளும். பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களை வைத்து இதை அளந்திருக்கிறார். கையை விடுவிக்க முடிகிற எல்லை சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர்.

"ஃபியூஸ் இருந்துச்சே சார், போகலியா?" இதையும் கேட்டார்கள். ஃபியூஸும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பாற்ற வந்தவை. 16 ஆம்பியருக்கு வைத்த எம்.சி.பி.க்கு, உயிரைக் குடிக்கும் கால் ஆம்பியர் கண்ணிலேயே படாது.

மறுநாள் என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். பத்தாம் வகுப்போடு நின்றவன், இப்போது ஊரில் நல்ல எலக்ட்ரீஷியன். பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தான். இரண்டு பின். "யாருங்க சார் இதை மாட்டினது?"

நான்தான். சாக்கெட்டில் மூன்று பின் சரியாக உட்காரவில்லை என்று இரண்டு வருடம் முன்னால் நானே வெட்டி மாற்றினேன். எர்த் ஒயரை மடக்கி டேப் சுற்றியதுகூட நினைவிருக்கிறது. மோட்டாரில் கசிந்த மின்சாரத்துக்குப் பூமிக்குப் போக வேறு வழியில்லை. என் மனைவிதான் வழி. அந்த எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது ஏன் என்று நான் பரீட்சையில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன். முதலில் எர்த் தொட வேண்டும் என்பதற்காக. அவன் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

எர்த் புதிதாக இறக்கி, சாக்கெட்டை மாற்றி, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டான். போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால், எங்கோ கசிகிறது என்று பொருள். கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். செலவு, எங்கள் வீட்டு டிவியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது "சுர்ருனு இருக்கு" என்றால் அன்றே பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஒருவரை மின்சாரம் பிடித்துவிட்டால் முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நடுமார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள், வண்டி வரும்வரை.

ஆர்.சி.சி.பி.யில் "டி" என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். மாதம் ஒன்றாம் தேதி அமுக்கிப் பார்க்கிறேன். வீடே இருட்டாகும். உள்ளேயிருந்து குரல் வரும்: "ஏனுங்க, சீரியல் ஓடும்போதுதான் அமுக்கோணுமா?"