ஜன்னல் பிடி

ஜன்னல் கைப்பிடியைப் பற்றியும் ஒருவன் கட்டுரை எழுதுவானா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என் மனைவியும் அதையே கேட்டாள். உலகத்தில் எழுதத் தகுந்த பெரிய விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றை எழுதப் பெரியவர்களும் இருக்கிறார்கள். சென்ற கோடை விடுமுறையில் பதினேழு நாள் என்னை ஆட்டி வைத்த விஷயம் இதுவாகையால், நான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு நாகப்பட்டினத்தில் கடற்கரைக்குச் சமீபத்தில் இருக்கிறது. 1958-ல் என் பாட்டனார் கட்டியது. மர ஜன்னலை விட்டு இரும்புச் சட்ட ஜன்னல் வைப்பது அப்போது ஒரு நாகரிகம். பாட்டனாரும் நாகரிகத்துக்கு ஆசைப்பட்டுப் பதினொரு ஜன்னல்கள் வைத்துவிட்டார். கண்ணாடிக் கதவு வெளிப்புறமாகத் திறக்கும்; உட்புறம் கம்பிகள். கம்பிகளுக்கு இடையே கையை விட்டுப் பித்தளைப் பிடியைத் திருப்பினால், அதன் அடியிலுள்ள மூக்கு சட்டத்தை விட்டு விலகும். மூடும்போது அதே மூக்கு சட்டத்திலிருக்கும் சரிவான தகட்டின்மேல் ஏறிக் கதவை உள்ளே இழுத்து இறுக்கிக்கொள்ளும். மிகச் சிறிய யந்திரம். ஆனால் ஜன்னலின் காவல் முழுவதும் சுண்டுவிரல் நுனியளவுள்ள அந்த மூக்கில்தான் இருக்கிறது.

உப்புக் காற்றில் பித்தளை மங்கும். பச்சைக் களிம்பு பூக்கும். பெரும்பாலும் அது மேலோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அதுவே ஒரு போர்வைபோல. என் பாட்டியோ அந்தப் போர்வையைச் சகிக்கமாட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்கோடு பதினொரு பிடிகளுக்கும் புளி தேய்ப்பாள். “காற்று தின்னாததை அம்மா தேய்த்தே தின்றுவிட்டாள்” என்று அப்பா பரிகாசம் செய்வதுண்டு. உண்மையில் மூக்கைத் தேய்த்தது பாட்டியல்ல. பித்தளை மெதுவானது, இரும்புத் தகடு கடினமானது. நாளைக்கு இருமுறை ஏறி இறங்கினால் வருஷத்துக்கு 730 தடவை. அறுபது வருஷத்துக்கு 43,800 தடவை. கணக்குப் போடுவதில் எனக்குக் கஷ்டமே கிடையாது. கணக்குப் போட்டபிறகு எழுந்து போய் ஜன்னலைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜாப் புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. எங்கள் பக்கத்தில் தென்னைகளெல்லாம் வேரோடு சாய்ந்ததையும், நாள் கணக்கில் மின்சாரமின்றி ஊர் கிடந்ததையும் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அன்றிரவு அம்மாவின் அறையில் தேய்ந்து மெலிந்திருந்த மூக்கு முறிந்தது. கதவு வெளியே பறந்து சுவரில் மோதிக் கண்ணாடி நொறுங்கிற்று. நான் வாசற்கதவோடு மல்லுக்கு நின்றதால் அது என் காதில் விழவில்லை. விடிந்தபின் போய்ப் பார்த்தால், அம்மா ஈரப் புடவையோடு ஜன்னலடியில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவின் பழைய துண்டால் கதவைக் கம்பியோடு சேர்த்துக் கட்டி, துண்டின் முனையை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

புயலுக்குப்பின் ஊரில் ஆணி வாங்குவதற்குக்கூட வரிசை நின்றது. கடைக்காரர் எடுத்துப் போட்ட பிடியை வாங்கி மாட்டினேன். ஏதோ வெள்ளை உலோகம், மேலே முலாம், பார்வைக்கு வெள்ளி மாதிரி மின்னியது, விலையும் சொற்பம். சற்றுக் குட்டையாக இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

இனி சென்ற கோடைக்கு வருகிறேன். அம்மாவின் அறையில் இரவெல்லாம் மின்விசிறி சுழல்கிறது, ஜன்னல் மூடியே இருக்கிறது. ஏனம்மா என்று ஒரு நாள் கேட்டேன். “தெருத் தூசி அப்பா” என்றாள். இன்னொரு நாள் “கொசு” என்றாள். மற்றொரு நாள், சித்திரை மாதத்தில், “பனி” என்றாள்! வீட்டுப் பாடம் எழுதாத பிள்ளை மூன்று நாளில் மூன்று காரணம் சொன்னால் அதை நொடியில் கண்டுபிடித்துவிடுகிற உபாத்தியாயன் நான். இருபது வருஷ அனுபவம். அம்மா சொன்ன மூன்றையும் அப்படியே நம்பினேன்.

ஒரு நாள் பிற்பகல் மின்சாரம் நின்றுவிட்டது. அம்மாவை விசாரிக்கலாமென்று போனேன். அவள் இரண்டு கைகளையும் கம்பிக்குள் விட்டு, முந்தானையைப் பிடியில் சுற்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டுத் தொங்குகிறாற்போல் நின்றுகொண்டிருந்தாள். பிடி அசையவில்லை. என்னைக் கண்டதும் கைகளை வெளியே எடுத்துக்கொண்டு, “ஒன்றுமில்லை, தூசி துடைத்தேன்” என்றாள். விரல் கணுக்களெல்லாம் வீங்கிச் சிவந்திருந்தன. அம்மாவுக்கு வயது எழுபத்தாறு.

நான் திருப்பிப் பார்த்தேன். எனக்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. முலாம் உரிந்து, அச்சு முழுவதும் வெள்ளைப் பொடி பூத்து இறுகிப் போயிருந்தது. அளந்து பார்த்தேன்: இரண்டரை அங்குலம். அடுத்த ஜன்னலிலிருந்த பாட்டனார் காலத்துப் பிடி ஐந்து அங்குலம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விசையின் திருப்புத்திறன் என்று ஒரு பாடம் உண்டு. விசையையும் தூரத்தையும் பெருக்க வேண்டும். தூரம் பாதியானால் அதே வேலைக்கு விசை இரட்டிப்பாக வேண்டும். கரும்பலகையில் கதவுப் படம் போட்டு அதை நான் வருஷந்தோறும் விளக்குகிறேன். பிள்ளைகள் நன்றாகத்தான் எழுதுகிறார்கள்.

மறுநாளே கடைத்தெருவுக்குப் புறப்பட்டேன். “இந்த மாதிரிப் பிடி இப்போது யார் சார் வாங்குகிறார்கள்? எல்லாம் தள்ளுகிற ஜன்னலாகப் போய்விட்டது. பேசாமல் ஜன்னலையே மாற்றிவிடுங்கள்” என்றார் ஒருவர். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு திருகாணி கேட்டவனைக் கண்ணையே மாற்றிக்கொள் என்றது போலிருந்தது. கடைசியில் தஞ்சாவூரில் ஒரு கடையில் ஐந்தங்குலப் பித்தளைப் பிடி அகப்பட்டது. வெற்றி வீரனாக வீடு திரும்பி ஜன்னலில் வைத்துப் பார்த்தால், மூக்கு எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கிறது! கீல் வலப்புறமுள்ள கதவுக்கு ஒரு பிடி, இடப்புறமுள்ளதற்கு வேறு பிடியாம். சரித்திர உபாத்தியாயர் லீவில் போனபோது, தமிழ்நாட்டில் இடங்கை வலங்கைச் சண்டை ஓய்ந்து வெகு காலமாயிற்று என்று பாடம் நடத்தியவன் நான். என் வீட்டு ஜன்னலில் ஓயவில்லை.

அதைக் கேட்டு என் மனைவி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய், தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்தேன். புயலன்று முறிந்த பழைய பிடி! “உங்கள் தாத்தா வைத்தது. தூர எறிய மனசு வரவில்லை” என்றாள்.

அதை எடுத்துக்கொண்டு ஒரு கன்னார் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் பிடியைக் கையில் எடுத்து ஏந்திப் பார்த்தார்; தரையில் தட்டி ஓசையைக் கேட்டார். “சரக்கு நல்ல சரக்கு, வாத்தியார் ஐயா. மூக்குத்தானே? வைத்துவிடலாம்” என்றார். முறிந்த இடத்தை அரத்தால் ராவிச் சுத்தம் செய்தார். புதுப் பித்தளைத் துண்டொன்றை வெட்டிக் கம்பியால் சேர்த்துக் கட்டினார். வெங்காரத்தைத் தடவிப் பற்றாசை வைத்துக் கரி நெருப்பில் செக்கச்செவேலென்று காய்ச்சினார். பிடி உருகிவிடாதா என்று எனக்குப் பயம். பற்றாசில் துத்தநாகம் கூடுதல், ஆகையால் அதுதான் முந்தி உருகும் என்றார். உலோகக் கலவையைப் பற்றி நான் பட்டப் படிப்பில் படித்ததெல்லாம் அந்தக் கரியடுப்பின் முன்னால் எனக்கு முதல் தடவையாகப் புரிந்தது. மூக்கை வேண்டுமென்றே சற்றுத் தடிப்பாக விட்டார். “உங்கள் தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ, எனக்குத் தெரியாது. மாட்டிப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ராவிக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு ராவினால் திரும்ப வராது” என்று சொல்லி ஒரு பழைய அரத்தையும் இரவல் கொடுத்தார்.

குட்டைப் பிடியைக் கழற்றுவதற்கு மட்டும் இரண்டு நாள் ஆயிற்று. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வர்ணம் திருகாணித் தலைகளை மூடியிருந்தது. பச்சை, நீலம், சாம்பல் என்று சுரண்டச் சுரண்ட ஒவ்வொரு பொங்கலாக வெளியே வந்தது. இரும்புத் திருகாணிகள் துருவேறிச் சட்டத்தோடு ஒன்றாகிவிட்டன. இருவேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் மின்கலம் போலாகி ஒன்று மற்றொன்றுக்காக அரிபடும். இது வகுப்பில் எனக்குப் பிரியமான பாடம். மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டி, தேய்ந்த வெட்டை ரம்பத்தால் ஆழமாக்கித் திருப்புளியால் திருப்பியதில் இரண்டு வந்தன. மூன்றாவதன் தலை முறிந்தது. துளை போட்டு எடுத்தேன். புதிதாக எவர்சில்வர் திருகாணிகளை மசகு தடவிப் பூட்டினேன்.

பிறகு ராவுவதும் மூடிப் பார்ப்பதுமாக ஒரு காலைப்பொழுது போயிற்று. நான் மூடிப் பார்த்துத் திருப்தியடைந்தேன். அப்புறம்தான் என் கை எதற்கு அளவு என்று தோன்றியது. அம்மாவை அழைத்தேன். “நீ திறந்து பாரம்மா” என்றேன். அவள் இடக்கையை விட்டாள். இத்தனை நாளும் அவள் இடக்கைப் பழக்கத்தால் ஜன்னல் திறப்பவள் என்பதைக்கூட நான் கவனித்ததில்லை. பிடி முக்கால்வாசி வந்து நின்றது. இன்னும் நாலு இழுப்பு ராவினேன். மறுபடி விட்டாள். டக்கென்று திறந்தது. கடற்காற்று அறைக்குள் வந்து நாட்காட்டியைப் புரட்டிற்று.

அம்மா இரண்டு மூன்று முறை திறந்து மூடினாள், குழந்தை புது விளையாட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல. பிறகு சொன்னாள்: “அரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடாதே. சமையலறை ஜன்னலும் ராத்திரியெல்லாம் கடகடவென்கிறது. உன் பெண்டாட்டி சொல்லமாட்டாள். ஐப்பசிக்குள்ளே பார்த்துவிடு.”