நாலாம் நம்பர் சிலிண்டர்

2024 ஜூன் 11, செவ்வாய்

சேலத்தில் 21 டன் ஜவ்வரிசி ஏற்றி நாக்பூர் கிளம்பிய வண்டி தொப்பூர் ஏற்றத்திலேயே நின்றுவிட்டது. காலையிலிருந்தே இழுவை குறைவாகத்தான் இருந்தது. ஏற்றம் தொடங்கியதும் இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம், பின்னாலேயே வெள்ளைப்புகை. ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிட்டேன். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் மேல்கோட்டையும் தாண்டி விரல்கடை உயரத்துக்கு ஆயில் நிற்கிறது. குறைய வேண்டிய ஆயில் ஏறியிருக்கிறது. விரலில் தொட்டால் பிசுபிசுப்பே இல்லை, தண்ணீராக ஓடுகிறது. மோந்து பார்த்தேன். டீசல்.

ராத்திரி பத்து மணிக்கு வேறு வண்டி பிடித்து லோடு மாற்றினோம். ஆள்கூலி, மாற்று வண்டி வாடகை எல்லாம் என் கணக்கில். இரண்டு மணிக்கு இழுவை வண்டி வந்து டீலர் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனது. வண்டி ஓடியிருப்பது 1,63,000 கிலோமீட்டர். வாரண்டிப் புத்தகத்தில் இன்ஜினுக்கு ஆறு வருடம் என்று போட்டிருக்கிறது. வண்டிக்கு இரண்டரை வயது. அந்தத் தைரியத்தில்தான் தூங்கினேன்.

ஜூன் 13, வியாழன்

ஹெட்டைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டார்கள். நான் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் நகர்த்த வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

ஆறு பிஸ்டனில் ஐந்து நன்றாக இருக்கின்றன. மேலே சாதாரணக் கரி, அவ்வளவுதான். நாலாவது மட்டும் விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு உருகிப் பள்ளமாகக் கிடக்கிறது. அந்த லைனரில் மேலிருந்து கீழாக நீளக் கீறல்கள். அருகில் நின்ற மெக்கானிக் பையன் சின்னக் குரலில் சொன்னான்: “நாசில் ஒழுகியிருக்குங்கண்ணா. டீசல் பூவாத் தெளிக்காம தாரையா விழுந்திருக்குது.” சூப்பர்வைசர் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டான். வேலை போய்விடும் என்ற பயம், அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆறு பிஸ்டனையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்தேன். கிலோமீட்டர் மீட்டரையும், சேஸிஸ் நம்பரையும் சேர்த்து எடுத்தேன்.

ஜூன் 15, சனி

வாரண்டி கிடையாது என்கிறார்கள்.

மேனேஜர் முதலில் சொன்ன காரணம்: போன சர்வீஸ் 1,400 கிலோமீட்டர் தாமதம். அப்போது இந்தூரில் லோடு கிடைக்காமல் நாலு நாள் கிடந்தேன், அதனால் தள்ளிப்போனது உண்மை. “சர்வீஸ் லேட்டானா ஆறு பிஸ்டனும்ல போகோணும், ஒண்ணு மட்டும் எப்படிங்க போகும்?” என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “டீசல் சரியில்லீங்க, தண்ணி கலந்திருக்குது” என்றார். அரை மணி நேரத்துக்குள் இரண்டு காரணம்.

எஸ்டிமேட் 4,86,000 ரூபாய். கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமையே வேலை தொடங்குமாம். “வாரண்டி இல்லைன்னு காரணத்தோட எழுதிக் குடுங்க, போட்டர்றேன்” என்றேன். எழுதித் தருவது வழக்கமில்லையாம்.

மாதம் 71,400 ரூபாய் ட்யூ. இன்சூரன்ஸ் ஓடுகிறது. நேஷனல் பர்மிட்டுக்கு வருடம் 16,500. வண்டி நின்றாலும் இவற்றில் ஒரு ரூபாய் குறையாது. கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்துவிடலாமா என்று பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். நாமக்கல் பக்கத்தில் பலர் அப்படித்தான் போடுகிறார்கள். நியாயம் தெரியாமல் அல்ல. வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் கழுத்தை இறுக்குகிறது. அந்த அவசரத்தை எதிரில் இருப்பவர்களும் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

அப்பாவுக்கு வயது 74. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். கதையைக் கேட்டுவிட்டு, “எங்க காலத்துல ரோட்டோரமே நாசிலைக் கழட்டி, வெளிய வெச்சு அடிச்சுப் பார்ப்போம். ஒழுகுனா கண்ணுக்கே தெரியும். இப்ப உன்ற வண்டியத் திறந்து பார்க்கவே ஒருத்தனால முடியாதே, சாமி” என்றார்.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. காற்றுக்கு நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இன்றைய இன்ஜினில் டீசல் 1,600 பாருக்கு மேல் அழுத்தத்தில் போகிறது. லாரி டயரில் நாம் அடைக்கிற காற்றைப்போல ஏறக்குறைய 200 மடங்கு. ஒரு நாசில் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. ஆகவே இன்ஜினுக்கு நடந்ததற்குச் சாட்சி அந்தக் கம்ப்யூட்டர் மட்டுமே. அதைப் படிக்கிற கருவி டீலர் கையில். வாரண்டி உண்டா இல்லையா என்று சொல்வதும் அதே டீலர். பிரச்சினைக்கு ஒரு பக்கத்தில் நிற்பவரே சாட்சியையும் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பும் சொல்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்காரி வண்டி ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜாப் கார்டாகப் புரட்டினாள். டீசல் பில்லிலிருந்து டோல் சீட்டு வரை தேதிவாரியாகக் குத்தி வைப்பது அவள்தான். திடீரென்று, “ஏனுங்க, இதென்னன்னு பாருங்க” என்று ஒன்றை நீட்டினாள். மார்ச் 22ஆம் தேதி ஜாப் கார்டு. வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில், நீலப் பேனாவில், நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதியது: காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப்புகை, இழுவை குறைவு. அதற்கு எதிரே: பார்த்தாயிற்று, சரியாக உள்ளது.

நானே மறந்துபோன விஷயம். மூன்று மாதத்துக்கு முன்பே நாசில் ஒழுகத் தொடங்கிவிட்டது.

ஜூன் 18, செவ்வாய்

டீலருக்கும் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். அதே கடிதம் மின்னஞ்சலிலும். கோபமாக ஒரு வரிகூட எழுதவில்லை. வாரண்டி மறுப்பை, புத்தகத்தின் எந்த நிபந்தனைப்படி என்று குறிப்பிட்டு, எழுத்தில் கொடுங்கள். இன்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீடுகளை அச்செடுத்துக் கொடுங்கள். கழற்றிய எந்தப் பாகத்தையும் அப்புறப்படுத்தாதீர்கள். டேங்க் டீசலை இரு தரப்பும் பார்க்க எடுத்து முத்திரை வையுங்கள். இவ்வளவுதான் கேட்டேன். மார்ச் ஜாப் கார்டின் நகலையும் வைத்தேன்.

ஜூன் 21, வெள்ளி

பதில் வந்தது. எரிபொருளில் கலப்படம், ஆகவே வாரண்டி பொருந்தாது. சர்வீஸ் தாமதத்தைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. வாய்ச்சொல்லாக இருந்தவரை காரணம் மாறிக்கொண்டே இருந்தது. எழுத்தில் வந்ததும் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. இனி அந்த ஒன்றுக்குப் பதில் சொன்னால் போதும்.

ஜூன் 25, செவ்வாய்

இன்று நடந்ததை விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

காலையில் டீலர் ஆள் முன்னிலையில் டேங்கிலிருந்து மூன்று பாட்டில் டீசல் எடுத்தோம். வாட்டர் செப்பரேட்டர் அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றி வெள்ளைத் துணியில் கவிழ்த்தார்கள். தண்ணீர் இல்லை, துரு இல்லை. ஆறு மாத டீசலும் கார்டில் போட்டதுதான். எந்த பங்க்கில், எந்த நாள், எத்தனை லிட்டர் என்ற பட்டியல் முழுதாக இருக்கிறது.

பிறகு ஆறு இன்ஜெக்டரையும் நம்பர் போட்டுப் பையில் கட்டி, பம்பும் நாசிலும் பார்க்கிற அங்கீகாரம் பெற்ற கடைக்குக் கொண்டுபோனோம். டீலர் ஆளும் கூடவே வந்தார். தனியாகக் கொண்டுபோயிருந்தால், நீங்களே கெடுத்துவிட்டீர்கள் என்று நாளைக்குச் சொல்ல இடமாகிவிடும்.

கடைக்கார அண்ணன் நாற்பது வருட அனுபவஸ்தர். டெஸ்ட் பெஞ்சில் ஒவ்வொன்றாக மாட்டினார். ரிட்டர்ன் டீசல் விழுகிற கண்ணாடிக் குழாய்கள் ஆறு, பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மோட்டார் ஓட ஓட ஐந்து குழாயிலும் டீசல் ஒரே சீராக ஏறி, ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றது. நாலாவது குழாய் மற்றவை பாதி ஏறுவதற்குள் நிரம்பி வழிந்தது. அடுத்து தெளிப்புச் சோதனை. ஐந்து நாசிலிலும் பனிமூட்டம்போலப் பொடிப்பொடியாக வந்தது. நாலாம் நம்பரில் சப்ளையை நிறுத்திய பிறகும் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழுந்து, இன்னொன்று திரண்டது.

அண்ணன் டீலர் ஆளைப் பார்த்துத்தான் பேசினார்: “தம்பி, ஆறு நாசிலுக்கும் ஒரே ரெயில், ஒரே டீசல். தண்ணி கலந்திருந்தா ஆறும் அடிவாங்கியிருக்கோணும். ஹைபிரஷர் பம்பும் போயிருக்கோணும். நாலு மட்டும் போச்சுன்னா அது நாலோட கோளாறு. ஊசி மூடலை.” ரிப்போர்ட்டில் அளவுகளோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டீலர் ஆளும் பார்த்ததற்குக் கையெழுத்துப் போட்டார். கை கொஞ்சம் தயங்கியது. போடாமல் போகாததற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஜூலை 3, புதன்

ரிப்போர்ட்டை அனுப்பியும் அசையவில்லை. மேனேஜர் போனில் புதிதாக ஒன்று சொன்னார்: “நீங்க தொழிலுக்கு லாரி வாங்கினவர். நுகர்வோர் கோர்ட்டெல்லாம் உங்களுக்குப் பொருந்தாதுங்க.” அதைக் கேட்டு உண்மையிலேயே கலங்கிப்போனேன்.

வக்கீல் தெளிவுபடுத்தினார். வியாபார நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019ஆம் வருடச் சட்டம் சொல்வது சரிதான். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வியாபார நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கத்தில் இருக்கிறது. 1995இல் உச்ச நீதிமன்றம் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் இதை விரித்தே சொல்லிவிட்டது. நம் கோயம்புத்தூர் பிஎஸ்ஜி நிறுவனத்திடம் ஒரு இயந்திரம் வாங்கியவர் போட்ட வழக்கு அது. அவர் நுகர்வோர் அல்ல என்றுதான் முடிந்தது. ஆனால் அதே தீர்ப்பில், தானே ஓட்டிப் பிழைப்பதற்காக லாரி வாங்குகிறவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்று எடுத்துக்காட்டோடு சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இருப்பது ஒரே வண்டி. ஓட்டுவது நான். தூர ஓட்டத்துக்கு மாற்று டிரைவர் ஒருவர். இரண்டு கல்யாணத்துக்குப் போகாமல், மகளின் பிறந்தநாளை ஜான்சியில் டோல்கேட் ஓரத்தில் போனிலேயே கொண்டாடி ஓட்டின வண்டி. பிழைப்பு என்றால் இதுதானே?

ஜூலை 19, வெள்ளி

நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தாக்கல். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கிற ஊரிலேயே தாக்கல் செய்யலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த வசதி. சேஸிஸ் விலை 36.8 லட்சம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையமே போதும், கட்டணம் 1,000 ரூபாய். 4,86,000 ரூபாய் கேட்டவர்களை எதிர்த்து நிற்க அரசு என்னிடம் வாங்கியது அவ்வளவுதான். காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பாகத்தைச் சோதிக்காமல் குறை தெரியாது என்றால் ஆணையமே முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பாகத்தை விட்டுவிடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தது எவ்வளவு சரி என்று இன்றுதான் முழுதாகப் புரிந்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு கம்பெனி ஆள் பேசுகிறார். நல்லெண்ண அடிப்படையில் பாகங்களுக்குப் பாதி விலை தள்ளுபடியாம், மனுவை வாபஸ் வாங்க வேண்டுமாம். வாரண்டி என்பது நான் கொடுத்த விலைக்குள் அடங்கியது. அதைச் சலுகையாக வாங்கிக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. மறுத்துவிட்டேன். ராத்திரி அப்பா தோளில் கை வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் பேசவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கோளாறுக் குறியீட்டு அச்சு கடைசியில் கிடைத்தது. நாலாம் சிலிண்டர் இன்ஜெக்டருக்குக் குறியீடு பதிவாகியிருக்கிறது. டீசலில் தண்ணீர் என்று எச்சரிக்கும் சென்சார் ஒரு தடவைகூட எதையும் பதிவு செய்யவில்லை. இந்தத் தாள் ஜூன் 15ஆம் தேதியே அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்தது.

மதியம் எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். பிஸ்டன், லைனர், இன்ஜெக்டர், ஆயில், கூலி எல்லாம் வாரண்டியில். நஷ்டஈட்டுக் கோரிக்கையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன் என்று வக்கீல் ஒரு வரி சேர்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி முதல் தேதி. வண்டி வெளியே வந்தது. எலுமிச்சம்பழம் வைத்து எடுத்தோம். மறுபடியும் சேலம் ஜவ்வரிசி, மறுபடியும் நாக்பூர். தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழு லோடோடு ஏறியது. சத்தம் இல்லை, புகை இல்லை.

லாரி வைத்திருக்கிற அண்ணன் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். வாரண்டி இல்லை என்று வாயால் சொன்னால் எழுதி வாங்குங்கள். கழற்றின பாகத்தை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வராதீர்கள். ஜாப் கார்டில் உங்கள் புகாரை அவர்கள் எழுதினார்களா என்று படித்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

வண்டி நின்ற 67 நாளுக்கான நஷ்டஈடு ஆணையத்தில் நிலுவையில் இருக்கிறது. வாய்தா செப்டம்பர் 12. நாலாம் நம்பர் இன்ஜெக்டர், முத்திரை உடையாமல், வக்கீல் அலமாரியில் இருக்கிறது.