லாரி எங்கே நிக்குது?

போன மாதம் வேதாரண்யத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை மகன் ஒரு யூடியூப் சேனல் வைத்திருக்கிறான். உப்பளம், கோடியக்கரை மீன், முல்லைப்பூ என்று எதையாவது எடுத்துப் போடுவான். ஊர்ப் பக்கத்து ஜனங்கள் ஆசையாகப் பார்ப்பார்கள்.

"மாமா, ஒரு ஏஜென்சிக்காரர் பேசினார். ஒரு கவர்மென்ட் திட்டத்தைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லணுமாம். வீடியோவுக்கு அஞ்சாயிரம். காசு வாங்கினதை மட்டும் சொல்லக் கூடாதாம். பண்ணவா?"

எந்த அரசு, எந்தத் திட்டம் என்பதை விடுங்கள். பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் பாக்கி. அதுதான் விஷயம்.

உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. படிக்கிற காலத்தில் ஒரு பொதுக்கூட்டத்தில் கைதட்டுவதற்கு லாரி ஏறிப் போனவன்தான் நானும். பத்து ரூபாயும் ஒரு பொட்டலம் பிரியாணியும்! ஆனால் ஒன்று பாருங்கள்... அந்த லாரி எல்லோர் கண்ணெதிரிலும் நிற்கும். "கூட்டிட்டு வந்த கூட்டம்யா" என்று டீக்கடையிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

வெள்ளைக்காரன்கூட ஒளிந்துகொண்டு பேசவில்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து இதே வேதாரண்யத்துக்கு நடந்து வந்தார். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் தண்டோரா போட்டார். நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் ஜெயில்! சொல்வது சர்க்கார் என்று ஜனங்களுக்குத் தெரிந்தது. கேட்டுக்கொண்டார்கள். பிறகு ராத்திரியோடு ராத்திரியாக மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

இப்போது கதை வேறு. 2024 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச அரசு, தன் திட்டங்களைப் பற்றி வீடியோ போடுகிறவர்களுக்கு மாதம் 8 லட்சம் ரூபாய் வரை தரலாம் என்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. அதையாவது அறிவித்துவிட்டுச் செய்தார்கள். சீனாவில் அதுவும் இல்லை. ஹார்வர்டு பேராசிரியர் கேரி கிங்கும் அவரது குழுவும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. அங்கே சாதாரண ஜனங்கள் மாதிரி அரசுக்காக எழுதப்படும் பதிவுகள் வருஷத்துக்குச் சுமார் 44.8 கோடி! எழுதுவது பெரும்பாலும் அரசு ஊழியர்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. எங்காவது பிரச்னை கிளம்பினால், நாட்டின் பெருமையைப் பாடிப் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவ்வளவுதான்.

மருமகனிடம் சொன்னேன்: "தாராளமா போடுடா. ஆனா, 'இதுக்குக் காசு வாங்கியிருக்கேன்'னு முதல்லயே சொல்லிட்டுப் போடு."

அவனும் ஏஜென்சிக்காரரிடம் கேட்டான். "அப்படின்னா வேணாம் தம்பி" என்று போனை வைத்துவிட்டார்.

அஞ்சாயிரம் போச்சு. ஃபீஸில் பாதியை நான் கட்டினேன். மீதிக்கு அவன் அப்பா உப்பளத்தில் அட்வான்ஸ் வாங்கினார். தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நாளைக்கு உங்கள் போனில் யாராவது மனசு உருகி எதையாவது பாராட்டினால், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். லாரி எங்கே நிற்கிறது என்று மட்டும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்!