ஏர் பிடித்த கடல்

பிப்ரவரி 19

நைட் ஷிப்டில் இருக்கும்போது போன். மாமாவின் படகு காட்டுப்பள்ளிக்கு வெளியே கவிழ்ந்துவிட்டது. ஆள் பிழைத்தார்.

பிப்ரவரி 20

வலக்கையில் மாவுக்கட்டு. வலை போனது. இன்ஜினுக்குள் உப்புத் தண்ணீர். பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் படகைக் கட்டி இழுத்து வந்து பழவேற்காட்டுக் கரையில் குப்புறப் போட்டிருக்கிறார்கள். அக்கா யாரோடும் பேசவில்லை. சிப்காட் ஆலைக்குப் போன் பண்ணி லீவு சொன்னேன். சூப்பர்வைசர் "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 22

"அலை ஒண்ணும் பெருசில்லடா." மாமா இதையேதான் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்கிறார். ஒருவரும் நம்பவில்லை. அலை இல்லாமல் படகு கவிழுமா?

இன்றைக்குத்தான் முழுக்கதையையும் வாங்கினேன். விடிவதற்கு முன் எண்ணூரில் கரி இறக்கிவிட்டு வெறுங்கப்பலாக ஒன்று வெளியே போயிருக்கிறது. அதற்குப் பின்னால் குறுக்கே கடந்திருக்கிறார். ஓரத்து அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. படகின் முன்முனையை, அணியத்தை, கொடுத்து ஏறி இறங்கிவிட்டார். அதைத் தாண்டினால் நுரைத்துக் கிடக்கும் வெள்ளைத் தண்ணீர். உள்ளே நுழைந்ததும் இன்ஜின் கத்த ஆரம்பித்தது. படகு நகரவில்லை. தெற்கிலிருந்து ஓடும் தெண்டி வெள்ளம் படகைத் திருப்பிவிட, கிழக்கிலிருந்து வந்த சாதாரண அலை விலாவில் அடித்தது. அவ்வளவுதான்.

"இன்ஜின் எப்படி கத்திச்சி மாமா?"

நல்ல கையால் திராட்டிலைத் திருகுவதுபோல் காட்டி, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் கூலிங் டவர் பம்ப் போடும் அதே சத்தம். தொட்டியில் மட்டம் இறங்கி, சக்‌ஷன் குழாய் காற்றை இழுத்துவிட்டால் அப்படித்தான் கத்தும். "ஏர் பிடிச்சிருச்சி" என்போம். பிடிக்கத் தண்ணீர் இல்லாமல் இம்பெல்லர் சும்மா சுற்றும், ஆம்பியர் விழுந்துவிடும். பம்பை நிறுத்தி, காற்றைத் திறந்துவிட்டு, தண்ணீர் நிரப்பி மறுபடி ஓட்டுவோம். கடலில் எந்த வால்வைத் திறப்பது?

பிப்ரவரி 23

தூக்கமில்லை.

பிப்ரவரி 27

இன்ஜின் சாமான் விலை விசாரிக்கப் பாரிமுனைக்கு ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் ஒரு பெண், மடியில் கப்பல் படம் போட்ட தாள்கள். கிண்டி ஐஐடியில் கடல்சார் பொறியியல் படிக்கிறாராம். கூச்சத்தை விட்டுக் கேட்டுவிட்டேன்.

கப்பல் பல இடங்களில் காற்றை விழுங்குகிறதாம். முகப்பில் அலை உடையும் இடம் ஒன்று. பக்கத் தகட்டை ஒட்டி ஓடும் கொந்தளிப்பு ஒன்று. பின்னால் புரொப்பெல்லர். அதன் இலைகளில் அழுத்தம் குறைந்து தண்ணீரே ஆவியாகிப் பொங்கும் குமிழிகளும் உண்டு, ஆனால் அவை உடனே நொறுங்கிவிடும். மேலிருந்து உள்ளே போன காற்றுதான் தங்குமாம். ஒரு மில்லிமீட்டர் குமிழி ஐந்து மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு நிமிஷத்துக்குள் மேலே வந்துவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு இருப்பது வந்து சேரப் பத்து நிமிஷமாவது ஆகும்.

நீளத் தொட்டியில் சின்னக் கப்பலை இழுத்து இதைச் சரியாகப் பார்க்க முடியாது என்றார். கப்பலைச் சிறுக்கினால் அலையும் அதற்கேற்பச் சிறுக்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மட்டும் மாறாது. அதனால் மாடலின் பின்னால் வெள்ளை குறைவாகவே வரும்.

வெறுங்கப்பலைக் கேட்டேன். பாரம் இல்லாவிட்டால் கப்பல் மேலே மிதக்கும். தொட்டிகளில் கடல் தண்ணீர் ஏற்றினாலும் புரொப்பெல்லர் மேல்மட்டத்துக்குப் பக்கத்திலேயே சுற்றும். காற்றை இழுக்க அது வசதி. எண்ணூருக்குக் கரிக்கப்பல் நிறைந்து வரும், வெறுமையாகத்தான் திரும்பும்.

மார்ச் 6

நிவாரண மனு. விண்ணப்பத்தில் "விபத்துக்கான காரணம்" என்று ஒரு கட்டம், விரல் அகலம்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு எழுதுகிறவர் "கடல் சீற்றம்" என்று போட்டார். அன்றைக்குக் கடல் சீறவே இல்லை சார் என்றேன். அப்படியென்றால் மனு நிற்காது தம்பி என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 8

கப்பல் விட்டுப்போன குமிழித் தடத்தைக் கண்டுபிடித்து, அதன் வழியே துரத்திப் போய் வெடிக்கும் டார்பிடோவை ரஷ்யர்கள் 1960களிலேயே செய்துவிட்டார்கள் என்று மாமாவிடம் சொன்னேன்.

"குண்டுக்கே தெரியிது. ஆபீசுக்குத் தெரியலயா?"

விபத்துக்குப் பிறகு அக்கா இன்றைக்குத்தான் சிரித்தாள்.

மார்ச் 15

கோயில் வாசலில் பேச்சு 2017க்குப் போனது. அந்த ஜனவரி 28 விடியலில் எண்ணூருக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் அலையில் அடிபட்டு, தண்ணீரோடு குழைந்து சேறாகிவிட்டது. பம்பால் இழுக்க முடியாமல் பையன்கள் வாளியால் அள்ளினார்கள். கறுப்பு கரையிலேயே கிடந்ததால் ஊர் உலகமெல்லாம் பார்த்தது. வெள்ளைத் தண்ணீரைப் படம் எடுத்துக் காட்ட யார் இருக்கிறார்கள்?

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன்னிலிருந்து 320 மில்லியன் டன்னாக ஆக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் எத்தனை வெறுங்கப்பல் என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை.

மார்ச் 19

மனுவுக்குப் பதில் வரவில்லை. மாமா மாவுக்கட்டோடு வலை கோக்கிறார், இடக்கையால். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா?

பைபர் படகில் போகிற தம்பிகளுக்கு ஒன்று: கப்பல் போனதும் ஓரத்து அலையைத் தாண்டிவிட்டோம் என்று முறுக்காதீர்கள். நுரை கலைந்து தண்ணீர் நிறம் திரும்பும்வரை அணியத்தை உள்ளே விடாதீர்கள். அதற்குள்ளேயே மாட்டி இன்ஜின் கத்தினால் திராட்டிலைக் குறையுங்கள், ஏற்றாதீர்கள்.