இரு சகோதரியரின் உழவாரம்

திருநாவுக்கரசர் பெருமானின் திருவுருவம் எந்த ஆலயத்தில் இருந்தாலும், அதன் கையிலோ தோளிலோ உழவாரப்படை ஒன்று காணப்படும். தலந்தோறும் சென்று, திருவீதியிலும் திருச்சுற்றிலும் மண்டிய புல்லையும் முள்ளையும் செதுக்கி அகற்றுவதைத் தம் வழிபாடாகவே கொண்டவர் அவர். அந்த மரபைப் பின்பற்றி இன்றும் அன்பர் குழுக்கள் பழைய ஆலயங்களுக்குச் சென்று, விமானத்தில் வேரோடிய அரசங்கன்றையும் மதிலோரத்து முட்செடியையும் நீக்கி வருகின்றன. கோயில் முற்றத்தில் தானாக முளைப்பது ஏறக்குறைய எல்லாமே அகற்றத்தக்கது. ஆதலால் அங்கே பணி செய்யும் கைக்குத் தயக்கம் வேண்டுவதில்லை.

ஆனால் பணி செய்ய வேண்டிய இடம் ஒரு காடாக இருந்தால் எதை எடுப்பது? எதை விடுவது? இக்கேள்விக்கு விடை தேடிப் பல ஆண்டுகள் தொண்டு செய்தவர்கள் ஆஸ்திரேலிய நாட்டின் சிட்னி நகரில் வாழ்ந்த சகோதரியர் இருவர். மூத்தவர் எய்லீன் பிராட்லி. 1911ஆம் ஆண்டு பிறந்தவர். இளையவர் ஜோன் பிராட்லி. 1916ஆம் ஆண்டு பிறந்தவர்.

பிள்ளைகளின் இல்லத்தில் சில மாதங்கள் தங்குவதற்காகச் சிட்னி சென்று வந்த பெரியோர்கள் பலர் இருப்பர். அவர்களுள் நகருக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க்கில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ வேங்கடேஸ்வரரைத் தரிசிக்காதவர் சிலரே. அத்திருக்கோயிலைச் சுற்றிலும் உயர்ந்து நிற்கும் காட்டை அவர்கள் கண்டிருப்பர். நகருக்குள்ளும், வீடுகளின் பின்புறத்துப் பள்ளத்தாக்குகளிலும் துறைமுகத்தின் கரையோரங்களிலும், அத்தகைய காட்டின் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. அந்நாட்டு மக்கள் அதனைப் 'புஷ்' என்று அன்புடன் அழைக்கின்றனர். பார்வைக்குச் சற்று வறண்டதாகவும் ஒழுங்கற்றதாகவும் தோன்றும் அந்தப் புதர்க்காடு, பூர்வகுடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகள் அறிந்து பேணிய செல்வமாகும்.

அக்காடு நிற்பது மணற்பாறையின் மீது. அம்மண்ணில் சத்து மிகக் குறைவு. குறிப்பாக மணிச்சத்து மிகவும் அருமை. அந்த ஏழ்மைக்கே பழகி வளர்ந்தவை அங்குள்ள யூகலிப்டஸ், பேங்க்ஸியா, வாட்டில் முதலிய தாவரங்கள். நகரம் வளர்ந்தபோது, சாலைகளிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வடிந்த மழைநீர் உரத்தையும் அயல்நாட்டு விதைகளையும் சேர்த்தே சுமந்து காட்டின் ஓரங்களில் கொட்டியது. சத்து மிகுந்த அவ்விடங்களில் வெளியிலிருந்து வந்த செடிகள் செழித்தன, மண்ணுக்குரியவை ஒதுங்கின. அவ்வாறு வந்தவற்றுள் முதன்மையானது, தமிழகத்து மலைச்சரிவுகளிலும் படர்ந்திருக்கும் உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்து வெப்பநாடுகளுக்கு உரிய இச்செடி, பலநிறப் பூக்களின் அழகுக்காகவே 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுவரப்பட்டது. பறவைகள் அதன் கனியை உண்டு, விதையைத் தொலைவெங்கும் பரப்பின.

பிராட்லி சகோதரியர் துறைமுகத்தின் வடகரையில் மோஸ்மன் என்னும் பகுதியில் வாழ்ந்தனர். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. காட்டுத் தொண்டில் இறங்குமுன்பே அவர்கள் ஒரு பயிற்சியைப் பெற்றிருந்தனர். அது பொறுமையுடன் உற்றுப் பார்க்கும் பயிற்சி. 'ரென்' என்னும் சிறு நீலக்குருவிகளின் கால்களில் வண்ண வளையங்கள் இட்டு, ஒவ்வொன்றையும் அடையாளம் அறிந்து, அவற்றின் நடத்தையையும் இறகின் நிறமாற்றத்தையும் குறித்துவைத்து, 1958ஆம் ஆண்டு ஒரு பறவையியல் இதழில் கட்டுரையாக வெளியிட்டனர்.

1960களில், தாரோங்கா விலங்குக்காட்சிசாலையை அடுத்துள்ள ஆஷ்டன் பூங்காவின் காட்டில் அவர்கள் தங்கள் நாய்களுடன் நடப்பது வழக்கம். (அந்த நிலமுனைக்கும் பிராட்லி என்றே பெயர். ஆயினும் அது 1788இல் முதல் கப்பற்படையுடன் வந்த வில்லியம் பிராட்லி என்னும் அதிகாரியின் பெயரால் அமைந்தது.) நடைபாதையோரத்துக் களைகளைப் பணியாளர்கள் அவ்வப்போது அடியோடு வெட்டித் தள்ளுவதையும், சில மாதங்களில் அதே களைகள் முன்னினும் அடர்த்தியாக எழுவதையும் சகோதரியர் கவனித்தனர். செலவு மிகுந்தது; உழைப்பும் மிகுந்தது; களையோ பெருகியது. ஏன் இவ்வாறு ஆகின்றது?

அவர்கள் கண்ட விடை எளியது. வெறுமையாகக் கிடக்கும் நிலத்தை முதலில் பற்றிக்கொள்வது களையே. மண்ணைக் கிளறினால், உள்ளே உறங்கும் களைவிதைகள் ஒளிபட்டு முளைக்கின்றன. சூழ உள்ள இயற்கைச் செடிகள் மெல்ல வளர்பவை. அவை வந்து நிரப்புவதற்குள் இடம் பறிபோகின்றது. ஆகவே, களையை நீக்குவதைக் காட்டிலும் இன்றியமையாதது, நீக்கிய இடத்தை நிரப்ப யார் காத்திருக்கிறார் என்று முதலில் பார்ப்பதே.

இதிலிருந்து அவர்கள் மூன்று நெறிகளை வகுத்தனர்.

முதல் நெறி: காடு நன்றாக இருக்கும் இடத்திலிருந்து பணியைத் தொடங்க வேண்டும். களை மண்டிக்கிடக்கும் இடத்தைக் கண்டவுடன் அங்கே பாய்வதே மனித இயல்பு. சகோதரியர் அதற்கு நேர்மாறாகச் செய்தனர். பெரும்பாலும் நலமாக உள்ள பகுதியில் ஆங்காங்கே தலைகாட்டும் ஒன்றிரண்டு களைகளை முதலில் எடுத்தனர். பிறகு மெல்ல மெல்லக் களை மிகுந்த பக்கம் நோக்கி நகர்ந்தனர்.

இரண்டாம் நெறி: மண்ணை இயன்றவரை கலைக்கலாகாது. ஒரு செடியைப் பிடுங்குமுன் அதன் அடியிலுள்ள சருகை விலக்கி, வேரை மெதுவாக எடுத்து, மண்ணை அழுத்தி, விலக்கிய சருகை மீண்டும் அதன்மேல் பரப்பிவிட வேண்டும். பணி முடிந்த இடத்தில் யாரும் பணி செய்ததே தெரியக் கூடாது.

மூன்றாம் நெறியே மிகக் கடினமானது. இயற்கைச் செடிகள் எவ்வளவு விரைவில் திரும்பி வருகின்றனவோ, அவ்வளவு விரைவில்தான் களையை நீக்க வேண்டும். ஒரு முழம் இடம் நிரம்பிய பின்னரே அடுத்த முழம். கையில் வலிமை இருக்கலாம், ஆட்கள் இருக்கலாம், நாளும் இருக்கலாம். ஆயினும் காடு ஆயத்தமாகாதவரை காத்திருக்க வேண்டும். வாட்டில் போன்ற தாவரங்களின் கடினமான தோலுடைய விதைகள் பற்பல ஆண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கவல்லவை. வெளியிலிருந்து கன்று கொணர்ந்து நடாமலே, அவ்விதைகளிலிருந்து காடு தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும் என்பதே சகோதரியரின் நம்பிக்கை. அந்நம்பிக்கை பல இடங்களில் கண்கூடாக நிறைவேறியது.

இவ்வளவு மெதுவாகச் செய்யும் பணியால் என்ன பயன் என்ற ஐயம் எழலாம். அதற்கு அவர்கள் போற்றிய அந்த நீலக்குருவிகளையே எண்ணிப் பார்க்கலாம். பூனைக்கும் பெரிய பறவைகளுக்கும் அஞ்சும் அச்சிறு உயிர்கள் தாழ்ந்த, அடர்ந்த புதர்களுக்குள்தான் ஒதுங்குகின்றன, கூடும் கட்டுகின்றன. இயற்கைப் புதர் அழிந்துபோன இடங்களில் உண்ணிச்செடியின் முட்புதரே அவற்றுக்குப் புகலிடம். நன்மை செய்யும் ஆர்வத்துடன் நூறு பேர் திரண்டு, ஒரே நாளில் அந்தப் புதர் முழுவதையும் வெட்டி வீழ்த்தினால், மாலையில் நிலம் தூய்மையாகத் தோன்றும். குருவிக்கோ ஒதுங்க இடமிராது. பகையாகிய களையும்கூட, மாற்று ஒன்று வளரும்வரை சிறிது காலம் நிற்கத்தான் வேண்டும். செய்பவரின் மனநிறைவுக்காகச் செய்யும் தொண்டுக்கும், ஏற்பவரின் நலத்துக்காகச் செய்யும் தொண்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலனாகின்றது.

எய்லீன் 1976ஆம் ஆண்டு மறைந்தார். 1970களில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்பு இம்முறையை ஏற்றுக்கொண்டது. ஜோன் பலருக்கும் இதில் பயிற்சி அளித்தார். அவர் 1982இல் காலமானார். காட்டைத் திரும்பக் கொணர்தல் என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நூல், ஆறு ஆண்டுகள் கழித்து 1988இல்தான் வெளிவந்தது.

இன்று சிட்னியின் பல நகராட்சி மன்றங்களின் ஆதரவில், அண்டை வீட்டார் சேர்ந்து அமைத்த தொண்டர் குழுக்கள் தத்தம் பகுதிக் காட்டைப் பேணுகின்றன. மாதத்தில் ஒருநாளோ, வாரத்தில் ஒருநாளோ, இரண்டு மூன்று மணி நேரம் கூடுகின்றனர். கையுறையும் கருவிகளும் மன்றம் தருகின்றது; செடிகளை அடையாளம் காட்டப் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருக்கின்றார். தொண்டர்களுள் பணி ஓய்வு பெற்ற முதியோர் பலர். குனிய இயலாதவர் சிறு பலகையில் அமர்ந்தபடியே ஒரு சதுர முழத்தைத் தூய்மை செய்கின்றார். காலப்போக்கில் சில மாற்றங்களும் ஏற்பட்டுள்ளன. வெட்டிய அடித்தண்டில் களைக்கொல்லியைத் தொட்டுவைப்பதும், விதை முளைப்பதற்காகக் கட்டுப்பாட்டுடன் தீயிடுவதும் இன்று உண்டு. ஆயினும் முதிர்ந்த தொண்டர் புதியவருக்குச் சொல்லும் முதற்பாடம், நல்ல இடத்திலிருந்து தொடங்கு என்பதே.

இங்கே சிந்தித்தற்குரிய வியப்பு ஒன்றுண்டு. சிட்னிக் காட்டில் மண்ணுக்குரிய செல்வங்களாகப் போற்றப்படும் வாட்டில், யூகலிப்டஸ் வகை மரங்கள், ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கொண்டுவரப்பட்டவை. அங்கே சோலைக்காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் இடையூறாகப் பரவியிருப்பது வாட்டிலே. ஓரிடத்தில் மைந்தன், மற்றோரிடத்தில் களை. ஆதலின் எச்செடியும் பிறவியிலேயே தீயதன்று. தனக்குரிய இடம் எது என்பதே வினா.

இதனைத் தமிழகத்து முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். திருமறைக்காடு, திருவாலங்காடு, திருவெண்காடு எனத் தலங்களின் பெயரிலேயே காடு நிற்கின்றது. தில்லை மரங்கள் செறிந்த வனமே தில்லையாயிற்று, கடம்பவனமே மதுரையாயிற்று. ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு தலமரத்தை வகுத்து, இம்மண்ணுக்கு உரியது இது என்று தலைமுறைதோறும் நினைவூட்டினர். ஊர் எல்லையில் ஐயனார்க்கும் அம்மனுக்கும் உரிய கோயில்காடுகளில், சுள்ளி ஒடிக்கவும் அஞ்சி ஒழுகினர். அக்காடுகளுட் பல இன்று சுருங்கிவிட்டன. எஞ்சியவற்றில் திருப்பணி நடக்கும்போது, நல்லெண்ணத்துடனேயே இயந்திரம் கொணர்ந்து, கண்ணில் பட்ட புதரையெல்லாம் சமன்செய்துவிடுவதும் சில இடங்களில் நிகழ்கின்றது. சங்கஞ்செடியும் காரையும் சூரையும் சீமைக்கருவேலும் அந்த இயந்திரத்துக்கு ஒன்றே.

அதனைத் தடுக்கும் ஆற்றல் ஊர்ப் பெரியவர்களிடமே இருக்கின்றது. எந்தச் செடி அக்காட்டில் தலைமுறையாக நிற்கின்றது, எது நேற்று வந்தது, எந்தக் கொடியின் வேரை எந்த நோய்க்கு அரைத்தார்கள், எம்மரத்தில் எப்பறவை கூடு கட்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்களே. அரிவாள் பிடிக்க முடியாத கையும் சுட்டிக்காட்ட வல்லது. கோயில்காட்டில் அடுத்த உழவாரப்பணிக்கு இளைஞர்கள் புறப்படும்போது, ஊரின் மூத்தவர் ஒருவரை நாற்காலியுடன் முன்னே அழைத்துச் சென்று, நிழலில் அமர்த்தி, ஒவ்வொரு செடியாக அவரிடம் பெயர் கேட்டு எழுதிக்கொள்வது நலம். பிடுங்குவதை அதன் பிறகு தொடங்கலாம்.